நூலில் கட்டிய கோயில்

கட்டடம் வரைகிறவர்களின் அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்குவது லேசான வேலை இல்லை. எது குப்பை, எது வீடு என்று பார்த்தால் தெரியாது. தேநீர் போட்டுத் தரை துடைக்கும் சகோதரிகளே, உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். எழுபதுகளில், சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் ஒரு மசாலைக் கடைக்கு மேல்மாடியில் எனக்கு வாய்த்த முதலாளி போர்த்துக்கல்காரர், துவார்த்தே சார். தன் நாட்டுக் கிராமங்களில் ஆட்டுக்கொட்டில், கிணற்றடி, சின்னக் கல்வீடு என்று கட்டியவர்.

தீப்பெட்டி

கையில் இருந்தது ஒரே வேலை: செம்பவாங் பக்கம் ஒரு கம்பத்தில், அதாவது பலகை வீட்டுக் கிராமத்தில், எங்கள் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு ஒரு கோயில். அது கைவிட்டுப் போனால் அலுவலகத்துக்குப் பூட்டு. என் பிழைப்பும் போச்சு. தினமும் மாதாவிடம் அதைத்தான் கேட்டேன். ஒருநாள் மேசையடியில் தீப்பெட்டி அளவில் மடித்து ஒட்டிய ஓர் அட்டை கிடந்தது. முறத்தில் அள்ளினேன். படம் வரையும் கோபால் பாய்ந்து வந்தான்.

"அக்கா, அது குப்பை இல்ல, கோயில்!"

சும்மா உட்கார்ந்தவர்

என் அரைகுறை ஆங்கிலத்தை நம்பி சார் என்னையும் கம்பத்துக்கு அழைத்துப் போனார். பகல் முழுக்க ரம்புத்தான் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கோடு போடவில்லை. காற்று எந்தப் பக்கம் வரும், செப நேரத்தில் பிள்ளை அழுதால் எங்கே தூக்கிப் போவீர்கள் என்று மட்டும் கேட்கச் சொன்னார். எதிர்வீட்டு ஆரோக்கியம்மா என்னைத் தனியே இழுத்தாள்.

"பாவம், வேலையில்லாத மனுஷன் போல. சாப்பிட்டாரான்னு கேளு."

கோபுரம் எங்கே?

கோயில் கமிட்டித் தலைவர் சவரிமுத்து அண்ணன் வந்து, அதன்பின் சார் புதிதாய்ச் செய்த அட்டை மாதிரியைப் பார்த்தார். சுற்றியுள்ள வீடுகளின் உயரத்துக்கே கூரை, காற்றுக்குப் பலகை இடுக்கு, அழும் பிள்ளைக்கு அகலத் தாழ்வாரம். கோபுரம் இல்லை. அண்ணன் அட்டையைத் தள்ளிவைத்தார்.

"போர்த்துக்கல்லேருந்து ஆளைக் கொண்டாந்து கோழிக்கூடு கட்டினாங்கன்னு ஊரே சிரிக்கும்லா! வேற ஆளைப் பாத்துக்கிறோம்."

வாசல்

சார் ஒரே ஒரு ஞாயிறு கேட்டார். அன்று கம்பத்து மண்ணில் முளை அடித்து, முழங்கால் உயரத்தில் நூல் கட்டி, கோயிலை கட்டப்போகும் அதே அளவில் நிறுத்தினார். வாசலுக்கு மட்டும் இடைவெளி. "இதுக்குள்ளே செபமாலை சொல்லுங்க" என்று என்னைச் சொல்லச் சொன்னார்.

வந்தவர்கள் இடைவெளியில் செருப்பைக் கழற்றினார்கள்! யாரும் சொல்லவில்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒவ்வொருவராய் வாசல் வழியாகவே வந்து மண்டியிட்டார்கள். அழுத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி தாழ்வாரத்துக்குப் போனாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணி எண்ணிக்கை தவறிவிட்டது, மாதா மன்னிப்பாள்.

பிந்தி வந்த தலைவர் நூலைத் தாண்டிக் காலை வைத்தார்.

"ஏண்ணே, வாசல் இருக்கையில சுவரேறிக் குதிக்கிறீங்க?" என்றாள் ஆரோக்கியம்மா.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் காலைப் பின்னுக்கு எடுத்தார். சுற்றி வந்தார். சப்பாத்தைக் கழற்றினார். எல்லாரோடும் மண்டியிட்டுச் செபம் சொன்னார். முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"வாசலை மட்டும் கொஞ்சம் அகலமாப் போடச் சொல்லும்மா, எனக்கு உடம்பு பெருசு."

கோயிலும் எழும்பியது, என் வேலையும் நிலைத்தது. ஆனால் இன்றும் சாலை வேலைக்கு நூல் கட்டியிருந்தால் நான் வாசல் தேடிச் சுற்றி வருகிறேன், வளர்ந்த என் பிள்ளைகள் என்னைத் தெரியாதவர்கள்போல் தள்ளி நடக்கிறார்கள்.