வலைப்பதிவரும் சிவப்பு மோட்டார் சைக்கிளும்

என் ஒருவனை வேவு பார்ப்பதற்காகவே புலனாய்வுக்காரர்கள் ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிளையும் அதில் குந்தியிருக்க ஒரு தாடிக்காரனையும் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று நான் உண்மையாகவே நம்பினேன். பயம் இருந்தது. அந்தப் பயத்துக்கு அடியில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இந்த விலைக்குப் பெற்றோல் அடித்துப் பின்தொடரும் அளவுக்கு நானும் ஓர் ஆள்தானே!

நம்பக் காரணம் இல்லாமலில்லை. பல வருடமாக வலைப்பதிவு எழுதுகிறேன். சமூக ஊடகங்களை முடக்கியபோது எழுதினேன். பதிவு போட்டவனைப் பிடித்து உள்ளே போடும் சட்டங்களைப் பற்றி எழுதினேன். எழுதி ஒன்றும் நடக்கவில்லை என்று கண்டதும், திருகோணமலை நகரசபைத் தேர்தலில் ஒரு சுயேச்சைக் குழுவில் சேர்ந்து வாக்குக் கேட்டேன். சுவரொட்டியில் என் படத்துக்குக் கீழே, ‘வலைப்பதிவர், வலைச் சுதந்திரத்துக்காகக் குரல் கொடுப்பவர்’ என்று போடச் சொன்னேன். ‘இணையம்’ என்று போட்டால் தமிழ்ப் பாடப் புத்தகம் மாதிரி இருக்கும் என்பது என் எண்ணம்.

சுவரொட்டி ஏறிய கையோடு சந்தேகமும் ஏறியது. எங்கள் வட்டாரத்தின் கீழ்ப்பாதி கடற்கரை. அங்கே தேநீர்க் கடைக்குள் நான் கால் வைத்தால் கதை நின்றுவிடும். கரையில் நின்று கைபேசியில் படம் எடுத்தால் யாரோ விசிலடிப்பார்கள். உடனே இரண்டு பேர் எதையோ தறப்பாளால் மூடுவார்கள். எனக்குப் பின்னால் வரும் உளவாளியைக் கண்டுதான் பாவங்கள் பயப்படுகிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்ப்பேன். ஒருவனும் இருக்க மாட்டான். அவ்வளவு கெட்டிக்கார உளவாளி! பின்னேரம் ஒட்டிய சுவரொட்டிகள் விடியப் பார்த்தால் பாதி இல்லை. வாசலுக்கு எதிரே மதகடியில் அந்தச் சிவப்பு மோட்டார் சைக்கிள்.

பிறகு ஓர் அழைப்பு வந்தது.

“நீங்கள்தானே அந்தப் பதிவர்?”

“ஓம். ஆர் கதைக்கிறது?”

“அது இருக்கட்டும். உங்கட ஆக்கள் எப்ப கரைக்கு வருவினம்?”

துண்டித்துவிட்டார்கள். என் ஆட்களா? ஆட்கள் இருந்தால் நான் ஏன் பசை வாளியோடு தனியே அலைகிறேன்?

அன்றிலிருந்து கைபேசி அரிசி வாளிக்குள் உறங்கியது. மனைவியோடு கதைப்பதென்றால் குசினியில் வானொலியைச் சத்தமாக வைத்துவிட்டுத்தான் கதைத்தேன். கத்தரிக்காய் விலையையும் அப்படித்தான் கேட்டேன். தேர்தலில் இருந்து ஒதுங்குவதாக ஒரு பதிவும் எழுதி முடித்தேன். ‘தனிப்பட்ட காரணங்களால்’ என்று தொடங்கும் மானமுள்ள பதிவு. அதை ஏற்ற, அரிசி வாளிக்குள் கையை விட்டபோது மனைவி பிடித்துக்கொண்டாள்.

“இஞ்சாருங்கோ, ஊருக்கெல்லாம் பயப்படாதேங்கோ எண்டு எழுதினது நீங்கள்தானே?”

“அது பொதுவா எழுதினது.”

“முதல்ல அந்த மனுசன் ஏன் நிக்கிறான் எண்டு கேப்பம்.”

கேட்போம் என்றாளே தவிர, போனது அவள் மட்டுந்தான். விளக்குமாறும் கையுமாக. நான் யன்னல் சீலைக்குப் பின்னால் நின்று ஜனநாயகத்தைக் காத்தேன். தாடிக்காரன் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கிக் கும்பிடாத குறையாகச் சொன்னான்:

“அக்கா, சம்மாட்டி அனுப்பினவர். உங்கட மனுசனோட கதைக்க வேணுமாம். அவர் என்னைக் கண்டாலே உள்ளுக்கை ஓடுறார்.”

சம்மாட்டி என்பவர் அந்தக் கரையில் படகுகளும் வலைகளும் வைத்திருப்பவர். கரையில் அவருடைய மீன்வாடிக் கொட்டிலுக்குப் போனேன். எனக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டார்கள். சுற்றிவரப் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். சம்மாட்டி கையில் என் சுவரொட்டி.

“தம்பி, ஒரு விசயம் தெளிவாச் சொல்லுங்கோ. நீங்கள் வலையைப் பதிய வந்தனீங்களோ, வலையை விடுவிக்க வந்தனீங்களோ? இதில ரெண்டும் கிடக்கு.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வலைப்பதிவர் என்றால், வலைகளைப் பதிவு செய்து தடைசெய்த வலைகளைப் பிடித்துக் கொடுக்கும் அரசாங்கக் கந்தோர் ஆள் என்று கரையில் பாதிப் பேர் முடிவு கட்டியிருந்தார்கள். தறப்பாளுக்குக் கீழே கிடந்தது அப்படித் தடைசெய்த தங்கூசி வலை, மெல்லிய நைலோன் இழை வலை. மற்றப் பாதிப் பேர், அந்த வலைக்கே விடுதலை வாங்கித் தர வந்தவன் என்று நம்பியிருந்தார்கள். நான் அவர்களுக்குப் பயந்து ஒளித்த நாட்களெல்லாம் அவர்கள் எனக்குப் பயந்து வலையை ஒளித்திருக்கிறார்கள்.

“அப்ப சுவரொட்டியைக் கிழிச்சது?” என்றேன்.

“பசைக்கு என்ன போட்டனீங்கள்?”

“கோதம்ப மா.”

“பிறகென்ன, மான் திண்டிருக்கும்,” என்றான் தாடிக்காரன். கோட்டைப் பக்கத்து மான்கள் எங்கள் தெருக்களில் அலைவது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் மானைச் சந்தேகிப்பதில் என்ன மரியாதை இருக்கிறது?

சம்மாட்டி கதிரையை எனக்குக் கிட்ட இழுத்தார்.

“வலையை விடுவிச்சுத் தாறன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ தம்பி. கரை முழுக்க உங்களுக்குத்தான்.”

சொல்லக்கூடத் தேவையில்லை. தலையை ஆட்டினால் போதும். வட்டாரம் என் கையில். கழுத்து அரைவாசி அசைந்ததும் உண்மை. ஆனால் பொய்ச் செய்தியைப் பற்றி அத்தனை பதிவு எழுதியவனுக்கு, அந்தக் கழுத்தை மிச்ச அரைவாசியும் அசைக்க ஏலவில்லை.

“அண்ணே, என்ர வலை போனுக்குள்ள இருக்கிற வலை. இந்த வலையைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது. விடுவிக்கவும் ஏலாது.”

பின்னால் நின்ற ஒருவர் கேட்டார்:

“அந்த வலையில என்ன பிடிக்கலாம்?”

“பெரும்பாலும் சண்டைதான் பிடிக்கலாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். சம்மாட்டி தேநீர் தந்து, வாசல்வரை வந்து வழியனுப்பினார். ஒதுங்கும் பதிவை நான் அழித்துவிட்டேன். கடைசிவரை நின்று வாக்குக் கேட்டேன்.

தேர்தலில் தோற்றேன். கரை வாக்குகள், தங்கூசி வலைக்காகக் கொழும்பில் கதைப்பதாகச் சொன்ன இன்னொருவருக்குப் போயின. என்னை ஒருவரும் வேவு பார்க்கவில்லை.