மூன்றாம் நாள் புளியோதரை

உடுப்பி அருகே மல்பே கடற்கரையில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த குடும்பம் பொட்டலம் பிரித்தது. ஊசிப்போன புளியோதரை வாடை. அலை அழகாகத்தான் இருந்தது, நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

தொண்ணூறுகளில் மைசூர் அக்ரஹாரத்து எங்கள் குடும்பமும், வேறு சாதியான நண்பன் சேகரின் குடும்பமும் ஒரே வேனில் இங்கே வந்தோம். வெளியே சாப்பிடக் கூடாதென்று அப்பா கட்டிவந்த புளியோதரை, மூன்றாம் நாள் நூல்விட்டது. அதையும் உருட்டித் தந்தார். சேகரின் அம்மா பொறுக்காமல், ஸ்டவ்வில் சுட்ட தோசையை என் கையில் வைத்தார்.

"நமக்கு ஆகாதுடா" என்று அப்பா அதைப் பிடுங்கி, அந்த அம்மாவின் கண்ணெதிரே நாய்க்கு வீசினார். நூல்விட்ட சோறு அவருக்குச் சுத்தம். அந்தத் தோசைதான் தீட்டு. நான் சோற்றை விழுங்கினேன்.

இன்று, கூட வந்திருந்த சேகர் சூடான நீர்தோசைத் தட்டை என்னிடம் நீட்டினான். சிரிக்கவில்லை.

"இதையாவது நாய்க்குப் போடாம தின்னுடா."