துடைக்காத ரூபாய்

தேவகிருபைக்குத் தோலில் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினெட்டு வருடமாகச் செக்கிங். உண்ணி கடித்த தடம், முள் கீறிய கோடு எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

வேலூரில் மாதம் ஒரு ஞாயிறு கூடும் எங்கள் நாணயச் சங்கத்தில் அவர் சேர்ந்தது ஒரே ஒரு காசுக்காக. அவருடைய அப்பா விட்டுப்போன 1911ஆம் வருட வெள்ளி ரூபாய். அதில் பொறித்த பிரிட்டிஷ் ராஜாவின் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரி தெரிகிறதென்று பேச்சுக் கிளம்பி, வெளியிட்ட கொஞ்ச நாளிலேயே நிறுத்திய காசு. கைமாறித் தேய்ந்தது என்றால் சில ஆயிரம் போகும். அச்சிலிருந்து வந்த மினுமினுப்பு அப்படியே இருந்தால் பத்து மடங்கு. ஆனால் புளியோ பாலிஷோ போட்டு யாராவது துடைத்திருந்தால், எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் விலை விழுந்துவிடும்.

தேவகிருபையின் காசு பழைய பைபிள் உறைக்குள் காகிதத்தில் மடித்தபடியே கிடந்தது. ஒரு ஓரம் மட்டும் பிறைபோல நீலம் பாரித்திருந்தது.

சங்கத்தின் செயலாளர் சுந்தரமூர்த்தி, ரிட்டயர்டு கல்லூரி ஆசிரியர். காசு பார்ப்பதில் எங்கள் எல்லோருக்கும் அவர் சொல்வதுதான் முடிவு. தேவகிருபை அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். கிறிஸ்துமஸுக்கு இவர் வீட்டிலிருந்து கேக் போகும், பொங்கலுக்கு அவர் வீட்டிலிருந்து கரும்பு வரும்.

2019இல் அவரிடம்தான் காசைக் காட்டினார். லென்ஸை வைத்துப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார்.

"இத துடைச்சிருக்காங்கம்மா. நீயே பாரு. நடுவுல இருந்து ஓரத்துக்கு மெல்லிசா கோடு ஓடுது. எல்லாம் துணி போட்ட கோடு."

தேவகிருபை பார்த்தார். கோடு இருந்தது. தன் கண்ணே பார்த்துவிட்ட பிறகு சந்தேகப்பட என்ன இருக்கிறது?

"எங்க வீட்டுக்காரர்தாண்ணா. எதையாவது தேய்க்கலன்னா அவருக்குத் தூக்கம் வராது."

அவர் கணவர் சாந்தகுமார் பஸ் டிப்போவில் மெக்கானிக். கதவுப் பிடி, பித்தளைச் சொம்பு, பைக் சைலன்சர் என்று வீட்டில் மின்னாத பொருளே கிடையாது. அன்று பெரிய சண்டை.

"நான் அத தொடவே இல்ல கிருபை."

"கோட்ட என் கண்ணால பாத்தேன். பொய் சொல்லாதீங்க."

சமாதானம் செய்ய வந்தவரும் சுந்தரமூர்த்திதான். "விடுப்பா சாந்தா. ஆசையில தேச்சிட்ட. அதுக்கின்னா இப்போ?" என்று தோளில் தட்டினார். சாந்தகுமார், "செய்யாதத எப்படி சார் ஒத்துக்கறது?" என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார். "உனக்காக எடுத்துக்கறேம்மா" என்று நாலாயிரம் கொடுத்துக் காசை வாங்கிக்கொண்டார் சுந்தரமூர்த்தி.

அதற்குப் பிறகு வீட்டில் எதில் கீறல் விழுந்தாலும் தேவகிருபை அந்தக் காசைச் சொல்லிக்காட்டுவார். முதலில் மறுத்த சாந்தகுமார், போகப்போகப் பதில் சொல்வதையே விட்டுவிட்டார். இரண்டாவது கொரோனா அலையில் இறந்துபோனார்.

போன வருடம் வேலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் காசுக் கண்காட்சி. வாணியம்பாடி வியாபாரி மஹீனின் மேசையில் சீல் வைத்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் அந்த நீலப் பிறை இருந்தது. மேலே எழுபதுக்கு 64 என்று தர எண்.

"இத யார்கிட்ட வாங்கனீங்க தம்பி?"

"உங்க செக்ரட்டரி சார்கிட்டதாங்க்கா. அவரே அமெரிக்காவுக்கு அனுப்பி கிரேடு வாங்கி வெச்சிருந்தார்."

"துடைச்ச காசுக்கு இந்த நம்பர் குடுப்பாங்களா?"

"துடைச்சதுன்னு எழுதிக் குடுப்பாங்க. நம்பர் குடுக்க மாட்டாங்க."

"உள்ள கோடு ஓடுதே?"

மஹீன் சிரித்தபடி பெட்டியை விளக்கடியில் மெல்லச் சாய்த்துக் காட்டினான். "அச்சு அடிக்கும்போது வெள்ளி நகர்ந்த கோடுக்கா அது. பாருங்க, வெளிச்சம் சக்கரம் மாதிரி சுத்துது. துடைச்சிருந்தா மொதல்ல போறதே இந்த மினுமினுப்புதான்."

தேவகிருபை பெட்டியை வாங்கித் தானே ஒருமுறை சாய்த்துப் பார்த்தார்.

அன்றே சுந்தரமூர்த்தி வீட்டுக்குப் போனார். அவர் மறுக்கவில்லை. "காசு விஷயத்துல எல்லாரும் இப்படித்தாம்மா வாங்குவாங்க" என்றவர், உள்ளே போய்ப் பணம் போட்ட ஒரு கவரைக் கொண்டுவந்து நீட்டினார்.

"காசு கெடக்கட்டும் சார்," என்றார் தேவகிருபை. அண்ணா என்று வாயில் வரவில்லை. "எங்க வீட்டுல உக்காந்துகிட்டு அவர ஒத்துக்கச் சொன்னீங்களே. அவரு துடைக்கலன்னு தெரிஞ்சேதான சொன்னீங்க? அவரு செத்த அன்னிக்கி வந்து நின்னீங்களே, அப்பவாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

சுந்தரமூர்த்தி கவரை மறுபடியும் நீட்டினார். அதை அவர் கையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார் தேவகிருபை.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். ஒருவர், "விக்கறதுக்கு முன்னாடி இன்னொருத்தர்கிட்ட காட்டியிருக்கணும்" என்றார். இன்னொருவர், "தரம்ங்கறது ஆளுக்கு ஆள் மாறும்மா" என்றார். என் காசுகளுக்கும் சுந்தரமூர்த்திதான் விலை சொல்லியிருந்தார். அவர் சொன்னது பொய்யென்றால் அந்த விலைகளும் ஆட்டம் காணுமே என்ற பயத்தில், நானும் வாயைத் திறக்கவில்லை. சுந்தரமூர்த்தி இன்றும் செயலாளர்தான்.

தேவகிருபை அப்புறம் சங்கத்துக்கு வரவில்லை. போன மாதம் ஆம்பூர் பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். கூட்டத்தில் பேசாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். பிறகு அவராகவே பேசினார்.

"எம்பொண்ணு அக்சாகிட்ட ஃபோன்ல எல்லாத்தையும் சொன்னேன். 'அப்பாதான் அப்பவே சொன்னாரேம்மா'ன்னா. அவ்ளோதான்."