வயிற்றுப் பட்டை

கண்டிக்கு வெளியே ஒரு மலைச்சரிவில் பழைய குதிரை லாயம் ஒன்று இருக்கிறது. துரைமார் காலத்தில் வரிசையாகக் குதிரைகள் நின்ற கொட்டில்களில் இப்போது சேணமும் கடிவாளமும் தொங்குகின்றன. பார்க்க வருகிறவர்களுக்கு நான் அங்கே டிக்கெட் கொடுக்கிறேன். அலுமாரிச் சாவிகளும் என்னிடந்தான். ஆதரவாளர் சங்கத்துக்கு மாதாமாதம் கடிதம் எழுதுவதும் நான்தான்.

அந்தச் சங்கத்தின் தயவில்தான் இடமே ஓடுகிறது. ஓய்வு பெற்ற பெரிய மனிதர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு குதிரைக்குக் கரட்டோடு வருவார்கள். அப்போது உயிரோடு மிச்சமிருந்தது ஒரு கிழட்டு வெள்ளைக் குதிரை மட்டும். பாதிக் கதவுக்கு மேல் நீளும் அதன் தலையைத் தடவிப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். உள்ளே ஒருநாளும் நுழைந்ததில்லை, சப்பாத்து அழுக்காகிவிடும்.

லாயத்தின் கோடியில் இரண்டு அறைகள். அங்கே குதிரைக்காரர், அவர் மனைவி, மகள். என்னைப் போலவே பன்வில தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். குதிரை உள்ளவரைதான் அறை என்று சங்கம் எழுதி வைத்திருந்தது. அதை டைப் அடித்ததும் நானே. இரண்டு வருடத்துக்கு முன் இன்னொரு குதிரை செத்தபோது, அதைப் பார்த்துக்கொண்டவருக்கு அறையைக் காலி செய்ய ஏழு நாள், ஒரு கிழமைத் தவணையும் ஒரு டின் பிஸ்கட்டும் கிடைத்தன. அவர் மனைவிக்கு அப்போது நிறைமாதம்.

மகளுக்கு, பதினோராம் வகுப்பை முடிக்கும் சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று கிழமை இருக்கும்போது வெள்ளைக் குதிரையின் முன்கால் குளம்புகள் இரண்டும் கெட்டுப்போயின. படுத்தால் எழும்ப முடியவில்லை. நான் மிருக டொக்டருக்கு அழைக்கப் போனேன். குதிரைக்காரர் கவுண்டருக்கு வந்து நின்றார்.

"மிஸ், டொக்டர் வந்தா ஊசி போட்டு முடிச்சிருவாரு. நாங்க பன்விலைக்குப் போகணும். அங்கேருந்து விடியக்காலை பஸ் பிடிச்சு பிள்ளை எப்படி பரீட்சைக்கு வரும்? முடியிற வரைக்கும் பொறுங்க."

நான் போனை வைத்தேன். அவர் அடுத்துக் கேட்டதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்றாம் கொட்டிலில், கண்ணாடி அலுமாரிக்குள் ஒரு கன்வஸ் பட்டை இருந்தது. கப்பலில் வந்த குதிரைகளை வயிற்றில் கட்டித் தூக்கி இறக்கப் பயன்பட்டதாம். அதன் சாவியைக் கேட்டார்.

கொடுத்தேன். "துப்புரவு செய்யப்படுகிறது" என்று ஒரு அட்டை எழுதி, காலியான கொக்கியில் மாட்டினேன். பொய்யிலும் எனக்குக் கையெழுத்து அழகாகத்தான் வரும்.

உத்தரத்தில் கப்பி போட்டு, வயிற்றுக்குக் கீழே பட்டையைக் கட்டி, குதிரையைத் தொங்கவிட்டார். வெளியிலிருந்து பார்த்தால் குதிரை நின்றது. உள்ளே அதன் முன்குளம்புகள் தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தன. முதல் ஞாயிறு சங்கத்தார் வந்தார்கள். இந்தத் தடவை எவ்வளவு அமைதியாக நிற்கிறது என்று சங்கத் தலைவி அம்மா, எங்கள் வாயில் நோனா, சந்தோஷப்பட்டார். அந்த மாதக் கடிதத்தில், வெள்ளைக் குதிரை நலமாக இருக்கிறாள் என்று எழுதினேன்.

இரண்டாம் கிழமையில் பட்டை உரசி வயிற்றுத்தோல் கழன்றது. வலியில் அது பல்லை நறநறவென்று கடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை வரலாற்றை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். ஒருநாள் பின்னேரம் புத்தகத்தோடு வாசலுக்கு வந்தாள்.

"அப்பா, அது பல்லைக் கடிக்குது. எனக்குப் படிக்க ஏலாம இருக்கு."

அவர் ஒரு மரத்துண்டில் சாக்கைச் சுற்றிக் குதிரையின் வாயில் வைத்துக் கட்டினார். அதற்குப் பிறகு சத்தம் வரவில்லை. பிள்ளை திரும்பிப் போய் விட்ட இடத்திலிருந்து படித்தாள். அவளை அறைய வேண்டும்போல் இருந்தது. பதினாறு வயதில் தோட்டத்தை விட்டு வெளியேற நான் என்னவெல்லாம் கேட்டிருப்பேன் என்று எனக்குத் தெரியும், அதனால் கவுண்டருக்குப் போனேன்.

வாயில்லாச் சீவன் என்று ஊரில் சொல்வார்கள். இதற்கு இருந்த வாயையும் நாங்கள் கட்டிவிட்டோம்.

கடைசிப் பாடம் முடிந்த நாள் மத்தியானம், பிள்ளை வெள்ளைச் சீருடையோடு கேற்றுக்குள் வரும்போதே நான் டொக்டருக்கு அழைத்தேன். அவர் கொட்டிலுக்குள் போய், பட்டையை விலக்கி வயிற்றைப் பார்த்தார். ஊசி போட்டார். வெளியே வந்து கை கழுவும்போது, ஒரு மாதத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டியது என்று சிங்களத்தில் சொன்னார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. சங்கத்துக்கும் அவர் காட்டிக்கொடுக்கவில்லை. ஏனென்று நான் கேட்கவில்லை.

குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். இங்கே குழியைக் குதிரைக்காரர்தான் வெட்டினார், இரண்டு நாள், மழையில். சங்கத்தார் பூவோடு வந்தார்கள். சிலர் அழவும் செய்தார்கள். அன்றே அவருக்கு ஒரு கிழமைத் தவணைக் கடிதம் போனது. அதையும் நான்தான் டைப் அடித்தேன்.

பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று குதிரைக்காரர் போன் செய்தார். பிள்ளை நன்றாகப் பாஸாகியிருந்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்க மாட்டேன். செய்தது பாவம். அந்தச் சாவியை இன்னொரு முறை கேட்டாலும் கொடுப்பேன். இந்த இரண்டையும் எப்படி ஒரே மனதில் வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பட்டை அலுமாரிக்குத் திரும்பிவிட்டது. எவ்வளவு தேய்த்தும் கறை போகவில்லை. தையலுக்குள் சிக்கிய வெள்ளை மயிரையும் எடுக்க முடியவில்லை. ஊசியால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தபோது தலைவி நோனா வந்து என் கையைப் பிடித்தார்.

"எடுக்க வேணாம், அப்பிடியே விடுங்க. அந்தக் காலத்துக் குதிரையோடது."

அலுமாரிக்கு ஒரு சின்ன விளக்கும் வாங்கித் தந்தார். இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் அதன் முன்னால்தான் கூட்டம். அந்த மயிர் எத்தனை வருடப் பழசு என்று கேட்கிறார்கள். நூறு வருடம் இருக்கும் என்கிறேன்.