முன் சீட்டுக்கு அடியில் பூத்த பூ

ஒரு விடுகதை. தண்ணீர் ஊற்றாமல் பூக்கும். வாசனை கிடையாது. பறித்தால் கை எரியும். பூத்துவிட்டால் வண்டி நகராது. அது என்ன?

கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்நேரம் விடை தெரிந்திருக்கும். காலையில் அவசரமாகச் சாவியைத் திருப்ப, 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம் போட்டுவிட்டு வண்டி படுத்துக்கொண்ட துக்கம் அவர்களுக்குத்தான் தெரியும். பேட்டரியின் தலையில் இரண்டு ஈயக் குமிழ்கள் இருக்கும். டெர்மினல் என்போம். ஒயர் அதில்தான் மாட்டியிருக்கும். அந்தக் குமிழைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பூக்கிற உப்புதான் அந்தப் பூ. மற்ற ஊர்களில் பேட்டரிக்கடைக்காரன் பேட்டரி விற்பான். மண்டபத்தில் கடை வைத்திருக்கும் நான் பாதி நாள் இந்தப் பூவைத்தான் பறித்துக்கொண்டிருக்கிறேன்.

பல்லு மெஷின்

முன்பெல்லாம் உப்புக்காகிதமும் பழைய கத்தியும்தான் ஆயுதம். இப்போது கையில் அடங்குகிற ஒரு சின்ன மெஷின் வைத்திருக்கிறேன். உள்ளே மோட்டார். முனையில் குட்டிக் கிண்ணம் போல ஒரு கம்பி பிரஷ். கிண்ணத்தைக் குமிழின் மேல் கவிழ்த்துப் பொத்தானை அழுத்தினால், 'ர்ர்ர்' என்று சுற்றி உப்பைக் கழற்றிவிடும். ஒயர் முனையில் குமிழைக் கவ்வுகிற கிளாம்பின் உட்புறம் தேய்க்க இன்னொரு பிரஷ் உண்டு. கருப்பு ஒயரை முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் மாட்ட வேண்டும். ரொம்ப நேரம் அழுத்திப் பிடிக்கக் கூடாது. ஈயம் மெத்தென்று இருக்கும், தேய்ந்து ஒல்லியாகிவிட்டால் கிளாம்ப் ஆடும்.

இந்த மெஷினுக்கு முதலில் வண்டி கொண்டுவந்தவன் சூசை. பாம்பன்காரன். தங்கச்சிமடத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, பாலம் தாண்டி இந்தப் பக்கம் இருக்கிற பள்ளிக்கூடத்தில் விடுகிற வேன் அவனுடையது. அதில் பேட்டரி முன் சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்கி மெஷினை ஓட்டியதும் இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டான். "பாத்துண்ணே, இதுக்குப் பயந்துதான் நான் சொத்தப் பல்ல வச்சிக்கிட்டே அலையிறேன்" என்றான்.

பாலத்தில் நின்ற வேன்

ஒரு மாதம்கூட ஆகவில்லை. பாம்பன் பாலத்தின் நடுவே வண்டிகள் நெரித்து நின்றிருக்கின்றன. பக்கத்து ரயில் பாலத்தில் ரயில் வருகிற நேரம் தெரிந்தால், அதைப் பார்க்கச் சுற்றுலா வண்டிகள் பாலத்திலேயே நின்றுவிடும். சூசை டீசலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்திருக்கிறான். வழி கிடைத்ததும் சாவியைத் திருப்பினால் 'டிக்'. வண்டிக்குள் பிள்ளைகள். அன்றைக்குப் பரீட்சை. பின்னால் ஹாரன் சத்தம். கடைசியில் ஒரு ஐஸ் லாரிக்காரர் கயிறு கட்டி இழுத்துவந்து என் கடை வாசலில் விட்டார்.

சீட்டைத் தூக்கினால், நான் துடைத்த இடத்தில் பழையபடி பூ. பிள்ளைகளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு சூசை என் பெஞ்சில் உட்கார்ந்தான். முன் சீட்டில் உட்கார்ந்து வருகிற பிள்ளை நிவேதா. அவள் அப்பா போனில் ஒன்றே ஒன்று சொன்னாராம்: இன்னொரு தடவை நின்றால் வேறு வேன். அவர் மாறினால் அந்தத் தெருவே மாறும். தெரு மாறினால் சூசை வேனை விற்றுவிட்டுப் பழையபடி யாருடைய போட்டிலாவது ஏற வேண்டும். அவனுக்குக் கடலில் தலைசுற்றும். அதனால்தான் வேனுக்கே வந்தான். "மீனுக்குப் பொறந்தவனுக்கு நீந்தத் தெரியலன்னு ஊரே சிரிச்சிச்சு, இப்ப ஓட்டவும் தெரியலன்னு சிரிக்கப் போகுது" என்றான். அன்றைக்கும் பூவைப் பறித்துத்தான் அனுப்பினேன்.

டிராக்டருக்குப் பொட்டு

அதே வாரம் ஆயுத பூஜை முடிந்து ஒரு டிராக்டர் வந்தது. திருப்புல்லாணிப் பக்கத்து விவசாயி, கருப்பையா என்று பெயர். இரண்டு டெர்மினலிலும் கையளவு சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார். ஈரச் சந்தனம் காய்ந்து, அதைச் சுற்றி உப்பு கட்டியிருந்தது. நான் மெஷினை எடுத்ததும் என் கையைப் பிடித்துவிட்டார். சாமிக்கு வைத்த பொட்டை மோட்டார் வைத்து அழிப்பதா என்று அவருக்கு வருத்தம். அவர் வருத்தம் நியாயம்தான்.

பொட்டைத் துணியால் ஒற்றி எடுத்து வேப்பமரத்தடியில் போட்டோம். டெர்மினலைச் சுத்தம் செய்து, ஈரம் ஒட்டாமல் இருக்க வாஸ்லின் தடவினேன். புதுப் பொட்டை பேட்டரிப் பெட்டியின் மூடி மேல் அவரையே வைக்கச் சொன்னேன். தள்ளி நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "சாமிக்கு எங்கன வச்சாலும் தெரியும். கம்பிக்குத்தான் அந்த அறிவு இல்ல."

பொத்திப் பொத்தி வளர்த்தது

கீழக்கரைக்கு மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் போனேன். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தவர் ஒருவர் போன் செய்திருந்தார். போன முறை துபாய்க்குத் திரும்பும்போது காரைக் கொட்டகையில் நிறுத்தி, கடல்காற்று படக்கூடாது என்று பேட்டரியைப் பிளாஸ்டிக் பையால் இறுகக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். பையைப் பிரித்தேன். உள்ளே தண்ணீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. காற்றுக்குப் பயந்து ஈரத்தை உள்ளே வைத்துக் கட்டிவிட்டார். அப்படி ஒரு பூ நான் பார்த்ததே இல்லை. காலிஃபிளவர் அளவுக்கு இருந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பூவைப் பறித்தால் போதாது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். கார் கிளம்பியது. அவர் பெருமூச்சு விட்டார். "அல்ஹம்துலில்லாஹ். ஆனா அண்ணே, எம் புள்ளைங்களக்கூட இப்புடிப் பொத்தி வைக்கலையே நான்."

கண்ணாடியில் ஒட்டியது

திரும்பிய கையோடு சூசையை வரச் சொன்னேன். சீட்டைத் தூக்கி, இந்த முறை மெஷினை மெதுவாக ஓட்டினேன். உப்பு பறந்தது. கூடவே ஏதோ ஒன்று பளிச்சென்று பறந்து வந்து என் மூக்குக்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. எடுத்துப் பார்த்தேன். மீன் செதில்.

சூசை தலையைக் குனிந்துகொண்டான். பிறகு சொன்னான். அவன் மனைவி மேரி பாம்பனில் மீன் எடுத்துத் தங்கச்சிமடத்தில் உட்கார்ந்து விற்பவள். விடியும் முன்னே மீன் கூடையோடு அவளை இந்த வேனில்தான் கொண்டுபோய் விடுவான். பின்னால் வைத்தால் பிள்ளைகள் உட்காரும் இடம் நாறும் என்று கூடையை முன் சீட்டில் வைத்திருக்கிறான். ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் சீட்டுக்குள் இறங்கும். அவனோ சீட்டின் மேலே சோப்புப் போட்டுக் கழுவி, ஊதுபத்தி கொளுத்திவிட்டுப் பிள்ளைகளை ஏற்றப் போவான். அடியில் என்ன நடக்கிறது என்று தூக்கிப் பார்க்கவில்லை.

பழைய லாரி டியூபை வெட்டிப் பேட்டரிக்கு ஒரு குடை செய்தேன். கூடைக்கு அடியில் வைக்க அகலமான பிளாஸ்டிக் தட்டு ஒன்றும், கூடையைப் பின்பக்கம் கதவோரம் வைக்கும்படி யோசனையும் கொடுத்தேன். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அவன் கேட்டது ஒன்றுதான்: "அண்ணே, நாளைக்கு நீங்களும் வாரீகளா? வண்டி ஏன் நின்னுச்சுன்னு அவுக கேட்டா, எனக்கு வாய் வராது."

தெருவில் இரண்டு வேன்

மறுநாள் காலையில் தங்கச்சிமடம் போனேன். நிவேதா வீட்டு வாசலில் ஏற்கனவே ஒரு வேன் நின்றது. புதிது. ஏசி. சன்னலில் கார்ட்டூன் படம். சூசை தன் வேனை அதற்குப் பின்னால் நிறுத்திவிட்டு இறங்கி நின்றான். நாலு வீடு தள்ளி மேரி கடை விரித்திருந்தாள்.

நிவேதாவின் அப்பா என்னைத்தான் கேட்டார். "நீங்கதான் பேட்டரிக்காரரா? உள்ளதச் சொல்லுங்க. இது இனிமே நிக்குமா நிக்காதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சூசை முந்திக்கொண்டான். "மீன் கூடைதான் சார் காரணம். காலையில சம்சாரம் விக்கிற மீன இதுலதான் கொண்டாருவேன். அந்தத் தண்ணி பேட்டரில எறங்கிருச்சு. வாடை வருதுன்னு நீங்க பிள்ளைய நிறுத்திருவீகன்னு சொல்லல."

அவர் வேனுக்குள் தலையை நீட்டி மோந்து பார்த்தார். ஊதுபத்தி வாசனைதான் இருந்தது. பிறகு ஏதோ கணக்குப் போட்டவர் போல மேரி பக்கம் திரும்பினார். "அப்ப ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல வாங்குன ஊளி மீனு?"

மேரி தராசைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள்: "அதுவும் இந்த முன் சீட்டுல ஒக்காந்துதான் வந்துச்சு சார். பின்ன, பிளேன்லயா வரும்?"

ஏசி வேன் டிரைவர்தான் முதலில் சிரித்தார். நிவேதாவின் அப்பா சிரிக்கவில்லை. ஆனால் கோபமாகவும் இல்லை. பையோடு நின்ற மகளைப் பார்த்து, எதில் போகிறாய், நீயே சொல் என்றார். அவள் புது வேனைப் பார்த்தாள், சன்னல் படத்தைப் பார்த்தாள். பிறகு சூசையிடம், சீட்டு இன்றைக்கும் ஈரமாக இருக்குமா என்று கேட்டாள். இருக்காது என்றான். கூடை பின்னால் போய்விட்டதா என்று கேட்டாள். போய்விட்டது என்றான். எத்தனை நாள் அந்த ஈரத்தில் உட்கார்ந்துவிட்டு, வீட்டில் வாய் திறக்காமல் இருந்தாளோ தெரியவில்லை.

இத்தனை வருஷம் உப்பைச் சுரண்டி நான் கண்டது, வண்டி பேட்டரியால் கிளம்பினாலும் யாராவது ஏறினால்தான் ஓடும் என்பதே; நிவேதா சூசையின் வேனில் ஏறி, பேட்டரிக்கு மேலே உட்கார்ந்தாள்.