ஆட்டோவில் வந்த அனுபவ அணி

ஆழிப்பேரலை அடித்துப்போய்ச் சில ஆண்டுகளுக்குப் பிறகு, மரக்காணத்துக்கு அருகே ஒரு மீனவர் குப்பத்தின் ஆடித் திருவிழாவில் பட்டிமன்றம் பேசினேன். அப்போது திண்டிவனத்தில் கல்லூரி மாணவன். வென்ற கோப்பைகளை அடுக்க வீட்டில் இடம் போதவில்லை. ஆபத்தில் மக்களைக் காப்பது அரசின் எச்சரிக்கையா, அவர்களின் அனுபவமா என்பது தலைப்பு. நடுவர் எனக்கு ஒதுக்கியது அனுபவ அணி.

"கடலின் மனத்தைக் கடலோடிக்குச் சொல்ல ஒரு கட்டடமும், அதற்குள் ஒரு கணினியும் வேண்டுமா?" என்று முழங்கினேன். விசில் பறந்தது. எதிரணியை ஒதுக்கியிருந்தாலும் அதே விசிலை வாங்கியிருப்பேன்.

மறு ஆண்டு கோடையில் ஒரு பிற்பகல், எங்கோ கடலடியில் நிலநடுக்கம். குப்பத்தைக் காலி செய்ய உத்தரவு வந்தது. கிராம நிர்வாக அலுவலர் என் குரலை அறிந்தவர். அன்று மரக்காணம் வந்திருந்த என்னை, ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் ஏற்றிவிட்டார். மக்களைக் காப்பாற்றவா, 'அறிவித்தோம்' என்று கோப்பில் எழுதவா என்ற ஐயம் அப்போதே இருந்தது. இருந்தும் மைக்கைப் பிடித்தேன்.

வலை சீர் செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"டேய், நம்ம அனுபவ அணிடா! இன்னிக்கு அந்தாண்ட கட்சிக்குப் பேசிக்கினு வர்றாரு!"

"தம்பி, தீர்ப்பு எப்போ?"

ஒதுக்கிய அணிக்குத்தான் பேச்சாளன் பேசுவான் என்பதை அவர்கள் அறியவில்லை. மேடையில் நான் சொன்னதை என் நெஞ்சு சொன்னதாகவே எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் எழவில்லை.

கடைசி வீட்டு வாசலில், கைக்குழந்தையோடு நின்ற அக்கா ஒருவர், உள்ளே படுத்திருந்த மாமியாரைக் காட்டினார். "போன தபாவும் இப்டித்தான் சொன்னாங்க. இவங்கள தூக்கிக்கினு ஓடிப்போயி மேட்டுல ஒக்காந்திருந்தோம். ஒன்னும் வரல. நீ மைக்க நிறுத்திட்டுச் சொல்லு. அலை வருமா?"

நிறுத்தினேன். என் குரல் எனக்கே சிறியதாகக் கேட்டது.

"தெரியலக்கா. சொல்லி அனுப்புனவங்களுக்கும் தெரியாதுன்னுதான் நெனைக்கிறேன். ஆனா இங்க நிக்கவே எனக்குப் பயமா இருக்கு."

ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப எறங்கு. மாமியார ஆட்டோவுல ஏத்தணும். ஜல்தி!"

ஏற்றினோம். அதைக் கண்ட பிறகே மற்றவர்கள் முணுமுணுத்தபடி கதவைப் பூட்டினார்கள்.

அலை வரவில்லை. மேட்டில் அமர்ந்திருந்தவர்கள் கடலைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். "அடுத்த தபாவும் நீதான் வருவியா?" என்றார் அக்கா. வருவேன் என்றேன். வந்தால் கிளம்புவீர்களா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.