கையை இறக்காத சித்தப்பா

எங்கள் வீட்டுப் பின்வளவில், துணி காயப்போடும் கம்பிக்கும் எலுமிச்சை மரத்துக்கும் நடுவில் ஒரு குழி இருந்தது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஆழம். மேலே மரக்குற்றிகள், அவற்றின் மேல் தகரம், தகரத்தின் மேல் மண், மண்ணின் மேல் ஊர்க்கண்ணை மறைக்க நட்ட பூசணிக்கொடி. உள்ளே இறங்கும் வழி நேராகப் போகாது, பாதியில் ஒருமுறை வளைந்து திரும்பும். யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அது பங்கர், குண்டு விழும்போது குடும்பத்தோடு போய் ஒளிந்துகொள்ளும் பதுங்குகுழி. குண்டே விழாத ஒரு நாட்டில், மெல்பேர்னுக்கு வெளியே, மலையடிவாரத்து ஊரொன்றில் அதை என் சித்தப்பா வெட்டினார். இப்போது நான் மெல்பேர்னின் புறநகரான பொயிண்ட் குக்கில் இருக்கிறேன். பின்வளவில் நீச்சல் குளம் வெட்டலாம் என்று என் கணவர் பல வருடங்களாகச் சொல்லிவருகிறார். பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும் என்று நானும் பல வருடங்களாகச் சொல்லிவருகிறேன். பிள்ளைகளில் மூத்தவனுக்குத் தாடி வந்துவிட்டது.

அந்த ஊருக்கு நாங்கள் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் அப்பாவின் கூட்ட வெறுப்பு. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் டண்டினொங்கில் தொழிற்சாலை வேலை. அங்கேயே குடியிருந்திருக்கலாம். ஆனால் அங்கே தமிழர்கள் நாலு வீட்டுக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள், சங்கம் தொடங்கப்போகிறார்கள், தன்னைப் பொருளாளராகப் போடுவதாகப் பேச்சு அடிபடுகிறது என்று கேள்விப்பட்ட அன்றே அப்பா வீடு தேடத் தொடங்கிவிட்டார். கிடைத்தது மரப்பலகையால் கட்டிய ஒரு பழைய வீடு. ஊர் என்றால் மில்க் பார் எனப்படும் ஒரு சில்லறைக் கடை, ஒரு பெற்றோல் நிலையம், ஒரு தேவாலயம், ஒரு மதுக்கடை, கால்பந்து ஆடும் ஓவல் மைதானம், அதன் ஓரத்தில் தொண்டர்கள் நடத்தும் தீயணைப்பு நிலையம். மற்றதெல்லாம் மரம். எங்கே பார்த்தாலும் கம் மரம் எனப்படும் யூகலிப்டஸ், பட்டை உரிந்து, எண்ணெய் வாசனையோடு, எரிவதற்கென்றே பிறந்தது மாதிரி.

சின்ன ஊரில் வளர்ந்தவர்கள் அதைப் பற்றி எழுதும்போது எல்லாரும் எல்லாரையும் அறிந்திருந்தார்கள், கதவைப் பூட்டவே மாட்டோம் என்றெல்லாம் உருகுவார்கள். எங்கள் ஊரிலும் எவரும் கதவைப் பூட்டியதில்லை, எங்களைத் தவிர. எங்கள் வீட்டில் இரண்டு பூட்டும் ஒரு குறுக்குச் சட்டமும் இருந்தன. என் பால்ய நினைவுகளை வரிசைப்படுத்தினால் எல்லாமே பயமாகத்தான் வருகின்றன. வசந்தகாலத்தில் மக்பைக் குருவிகள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் தலையைக் கொத்தும். அதற்காக ஐஸ்கிரீம் வாளியைக் கவிழ்த்து, அதில் பெரிய கண்கள் வரைந்து, தொப்பியாகப் போட்டுக்கொண்டு போவோம். ஊர் முழுக்க அப்படித்தான். அவுஸ்திரேலியர்களின் பழக்கங்களில் சித்தப்பா முழுமனதோடு ஏற்றுக்கொண்டது இது ஒன்றைத்தான். "தலைக்கு மூடி போடுறது நல்லது" என்று சொல்லித் தனக்கும் ஒன்று செய்துகொண்டார்.

சித்தப்பா எங்களுக்குப் பிறகு தனியாக வந்து சேர்ந்தவர். அவருடைய அகதி வழக்கு முடியவில்லை. வேலை செய்ய அனுமதியும் கிடைக்கவில்லை. ஆகவே பத்து வயதான என்னையும் ஆறு வயதான தம்பியையும் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பானது. நல்ல உயரம், மெல்லிய குரல், அருமையாகப் புட்டு அவிப்பார். சீருடை போட்ட யாரைக் கண்டாலும் பேச்சு நின்றுவிடும். தபால்காரருக்கும் சீருடை உண்டென்பதால் எங்கள் வீட்டுத் தபால் மாலை வரை பெட்டியிலேயே கிடக்கும். என்றைக்காவது ஒருநாள் ஒரு சீருடை வந்து கதவைத் தட்டும், தன்னைத் திரும்ப அனுப்பிவிடும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் இரண்டுமுறை அப்படித் தட்டியிருந்தார்கள். இரண்டாவது முறை அவருடைய கூட்டாளி கதவைத் திறந்திருந்தான். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்டால் சித்தப்பா எழும்பிப்போய்த் தேநீர் போடுவார்.

அவர் வந்து கொஞ்ச நாளில் தீயணைப்பு நிலையத்துச் சங்கு ஊதியது. வாராவாரம் ஊதிப் பார்ப்பார்களாம், எங்களுக்குப் பழகிவிட்டது. சித்தப்பா குசினி மேசைக்குக் கீழே இருந்தார். மறுநாள் காலையில் மண்வெட்டியோடு பின்வளவில் இறங்கினார்.

"டேய், இது அவுஸ்திரேலியா. இஞ்ச ஒண்டும் நடக்காது" என்றார் அப்பா.

"ஓம் அண்ணை. அங்கயும் அப்பிடித்தான் சொன்னவை" என்று வெட்டிக்கொண்டே பதில் சொன்னார்.

பக்கத்து வீட்டு முதியவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, நீச்சல் குளமா என்று கேட்டார். "வெஜிடபிள்" என்றார் சித்தப்பா. அந்தப் பெரியவர் அந்த ஆழத்தில் விளையும் காய்கறி என்ன என்று யோசித்தபடி உள்ளே போனது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. யாழ்ப்பாணத்துப் பங்கர்களுக்குப் போடும் பனங்குற்றி இங்கே கிடைக்காததுதான் சித்தப்பாவுக்குக் குறை. கம் மரக் குற்றிகளை அடுக்கி மூடினார். வேலை முடிந்ததும் எங்களை உள்ளே இறக்கி, எப்படிக் குந்தியிருப்பது, காதை எப்படிப் பொத்துவது, குண்டு அதிர்வில் செவிப்பறை கிழியாமல் வாயை எப்படிக் கொஞ்சம் திறந்து வைத்திருப்பது என்றெல்லாம் பழக்கினார். தம்பிக்கு அது விளையாட்டு. எனக்கு விளையாட்டு மாதிரி இருக்கவில்லை, ஆனால் சிரித்துவைத்தேன். பிற்காலத்தில் பகிடி எழுதிப் பிழைக்கலாம் என்ற எண்ணம் அங்கேதான் முளைத்திருக்க வேண்டும். பயந்தவர்களுக்கு வேறு தொழில் சரிவராது.

அது ஜனவரி மாதம், அங்கே கோடைகாலப் பள்ளி விடுமுறை. வடக்கிலிருந்து காற்று அடித்தது. அடுப்பைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் காற்று, அதுவும் நிற்காமல். காலையில் அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போகும்போது வானம் நீலமாகத்தான் இருந்தது. மத்தியானத்துக்குள் பால் குறைந்த தேநீரின் நிறத்துக்கு வந்துவிட்டது. குருவிகளின் சத்தம் நின்றுபோயிருந்தது. சங்கு ஊதத் தொடங்கியது, நிறுத்தவேயில்லை. சித்தப்பா யன்னல் திரைகளை இழுத்துவிட்டார். வானொலியை அணைத்தார். ஆங்கிலத்தில் அது என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்று அவருக்கு விளங்கியிருக்காது, அணைக்காமல் விட்டிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும்.

பிறகு கதவு தட்டப்பட்டது. தட்டல் அல்ல, இடி. திரையின் இடுக்கால் பார்த்தேன். மஞ்சள் உடுப்பு, தலைக்கவசம், முகத்தில் கண்ணாடி, இரண்டு பேர். வாசலில் சிவப்பு வண்டி நின்றது. சித்தப்பா எங்கள் இருவரையும் இழுத்து நீளக் கதிரைக்குப் பின்னால் இருத்தி, உதட்டில் விரல் வைத்தார். அவருடைய விரல் நடுங்கவில்லை. அதுதான் எனக்குக் கூடுதல் பயத்தைத் தந்தது. பழக்கப்பட்ட வேலையைச் செய்கிறவரின் விரல் அது.

வெளியே அவர்கள் கத்தினார்கள். நான் சித்தப்பாவின் காதுக்குள் சொன்னேன்: "சித்தப்பா, நெருப்பு வருதாம். எல்லாரையும் வெளிய வரட்டாம்."

"அப்பிடித்தான் சொல்லுவாங்கள், பிள்ளை."

"உண்மையா நெருப்பு."

"அங்கயும் வெளிய வாங்கோ எண்டுதான் கூப்பிட்டவங்கள். நல்ல மாதிரித்தான் கூப்பிட்டவங்கள்."

வண்டி புறப்பட்டுப்போன சத்தம் கேட்டது. அப்படியொரு தனிமையை அதற்குப் பிறகு நான் அனுபவித்ததில்லை. வீட்டில் எவரும் இல்லை என்று அவர்கள் முடிவுசெய்திருப்பார்கள். அந்த முடிவை எடுக்கவைக்கத்தான் சித்தப்பா இவ்வளவு நேரமும் பாடுபட்டார்.

அடுத்து வந்தது ஹெலிகொப்டர். மலையிலிருந்து தாழ்வாக, கூரையின் தகரம் அதிர வந்தது. "ஹெலி!" என்றார் சித்தப்பா. அந்த ஒரு சொல்லைத்தான் அவர் அன்று உரத்துச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் ஹெலி வந்தால் குண்டும் வரும். தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்து, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்வளவுக்கு ஓடினார். ஓடும்போது திரும்பிப் பார்த்தேன். தெருவின் கோடியில் புகை ஒரு சுவர் மாதிரி நின்றது, அதன் அடிப்பாகம் சிவந்திருந்தது. மறு நிமிடம் நாங்கள் மண்ணுக்குள் இருந்தோம்.

உள்ளே குளிர்ச்சி. பூசணி வேரின் வாசனை. பிறகு அந்த வாசனைக்குள் இன்னொன்று மெல்ல நுழைந்தது. வளைந்து வரும் வழி குண்டுச் சிதறல்களைத் தடுக்கும், புகையைத் தடுக்காது. புகைக்கு வளைவு நெளிவெல்லாம் ஒரு பொருட்டா? தம்பி இருமத் தொடங்கினான். சித்தப்பா தன் இடுப்புச் சாரத்தின் நுனியால் அவன் வாயைப் பொத்தினார், நெருப்புக்காக அல்ல, சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்பதற்காக. எனக்குத் தெரிந்துவிட்டது. வெளியே நெருப்பு வருகிறது, உள்ளே எங்களை அளவுக்கு மீறி நேசிக்கிற ஒருவர் வழியை மறைத்துக் குந்தியிருக்கிறார். அவரைத் தாண்டிப் போக எனக்கு உடம்பில் பலம் இல்லை. தாண்டிப் போகச் சொல்லி மனமும் சொல்லவில்லை. அவர் சொன்னபடி வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு, காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தேன்.

ஹெலி சரியாக எங்களுக்கு மேலே வந்தது. சித்தப்பா எங்கள் இருவர் மேலும் கவிழ்ந்து படுத்தார். மேலே பெரிய அடி ஒன்று விழுந்தது. கூரை தாழ்ந்தது, குற்றிகள் முனகின. பிறகு தகர இடுக்குகளால் தண்ணீர் கொட்டியது, சேறும் பாசி வாசமுமாக, ஏதோ ஒரு குளத்தின் பாதி.

சித்தப்பா தலையைத் தூக்கினார். உள்ளங்கையில் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"தண்ணி" என்றார். பிறகு என்னைப் பார்த்து, நான் பெரியவள் மாதிரியும் அவர் சின்னப்பிள்ளை மாதிரியும் கேட்டார்: "ஹெலி ஏன் பிள்ளை தண்ணி ஊத்துது?"

"நெருப்பு நூக்க, சித்தப்பா."

தம்பி மறுபடி இருமினான், இந்த முறை நிறுத்த முடியாமல். சித்தப்பா அவனைப் பார்த்தார், வழியைப் பார்த்தார், மறுபடி அவனைப் பார்த்தார். தெருவில் அந்தச் சிவப்பு வண்டி திரும்பி வரும் சத்தம் கேட்டது. அவர் சட்டையைக் கழற்றினார். உள்ளே போட்டிருந்த வெள்ளை பெனியனையும் கழற்றினார். அதை வலக்கையில் உயர்த்திப் பிடித்து, இடக்கையையும் உயர்த்தி, "எனக்குப் பின்னால வாங்கோ. ஓடாதேங்கோ. ஓடினால் சுடுவாங்கள்" என்று சொல்லி வெளியேறினார்.

பூசணிக்கொடிக்கு நடுவிலிருந்து வெறும் மேலோடு ஒரு கறுத்த மனிதர் கையை உயர்த்தியபடி எழும்பி வந்ததைக் கண்டு, பின்வளவுக்குள் ஓடிவந்த தீயணைப்பு வீரர் யேசுவைக் கூப்பிட்டார். குரலை வைத்து ஆளை அடையாளம் கண்டுவிட்டேன். மில்க் பார்க்காரர். எனக்கு உருளைக்கிழங்குப் பொரியல் விற்பவர், எப்போதும் கொஞ்சம் கூடுதலாகப் போடுபவர். சித்தப்பா அவரிடம் அங்கே நின்றபடி இரண்டே வசனம் சொன்னார். எத்தனை இரவு மனப்பாடம் செய்து வைத்திருந்தாரோ தெரியாது. "டேக் சில்ரன். ஐ ஸ்டே."

"நோபடி ஸ்டேஸ், மேட்" என்று மில்க் பார்க்காரர் தம்பியைத் தூக்கி வண்டிக்குள் வைத்தார். கையை இறக்கச் சொன்னார். பிறகு கெஞ்சினார். சித்தப்பா இறக்கவில்லை. வண்டியில் ஏறியதும் இரண்டு கைகளையும் கோத்துப் பிடரியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தம்பியும் அப்படியே வைத்துக்கொண்டான். நானும் வைத்தேன். அந்த மனிதர் கண்ணாடியில் எங்கள் மூவரையும் பார்த்தார், வண்டியை ஓட்டினார்.

ஓவலில் ஊரே இருந்தது, நாய்களும் குதிரைகளும் உட்பட. எங்களுக்கு சாண்ட்விச்சும் குச்சியில் செருகிய ஐஸ் பழமும் தந்தார்கள். சித்தப்பா புல்லில் முழந்தாளிட்டிருந்தார், கை பிடரியில். ஒரு பெண்மணி அவர் தோளில் கம்பளி போர்த்தினார். நாற்பது பாகை வெயிலில் கம்பளி. பின்னேரம் பொலிஸ் மறிப்பைத் தாண்டி அப்பா ஓடி வந்தார். சித்தப்பா அண்ணாந்து பார்த்து, தண்டனைக்குத் தயாரானவர் மாதிரி சொன்னார்:

"அண்ணை, நான் பிள்ளையளைக் குடுத்திட்டன்."

அப்பா எங்களைப் பார்த்தார். தம்பியின் வாயெல்லாம் ஐஸ் பழத்தின் சிவப்பு. அப்பா குனிந்து, சித்தப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கைகளைக் கீழே இறக்கிவிட்டார்.

வீடு தப்பியது. வேலியும் எலுமிச்சையும் போய்விட்டன. பங்கரின் குற்றிகள் உள்ளுக்குள்ளே கனன்று எரிந்து, கூரை முழுதாக இடிந்து விழுந்திருந்தது. சித்தப்பா விளிம்பில் நின்று கனநேரம் உள்ளே பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்து மூடத் தொடங்கினார்.

பின்னர் சித்தப்பா அகதி வழக்கில் வென்றார். டண்டினொங்கில் சீருடை போட்டுப் பல வருடம் பஸ் ஓட்டினார். இந்தக் கதையை நான் விருந்துகளில் சொல்வேன், எல்லாரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். பிறகு ஒரு வருடம், இலங்கையில் போரோடு எல்லாம் முடிந்த அந்த மே மாதம், தொலைக்காட்சியில் சனங்கள் கையை உயர்த்திக்கொண்டு, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, வரிசையாக வெளியே நடந்து வந்தார்கள். தங்கள் கையால் பிள்ளைகளை இராணுவத்திடம் கொடுத்துவிட்டு, பிறகு அவர்களைக் காணாத தாய்மார் இன்றுவரை படங்களோடு தெருவோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு நான் அந்தக் கதையை விருந்துகளில் சொல்வதில்லை. அதே கைகள், அதே வெள்ளைத் துணி, அதே வசனம். எங்களுக்கு வாய்த்தவர் மில்க் பார்க்காரர், அவ்வளவுதான் வித்தியாசம்.

வருடாவருடம் அந்தப் படங்களைத் திரும்பக் காட்டுவார்கள். அன்று பின்னேரம் என் தொலைபேசி அடிக்கும். இந்த வருடமும் அடித்தது.

"பிள்ளை, வீட்டிலயோ?"

"ஓம் சித்தப்பா, வீட்டிலதான்."

"தம்பி?"

"அவன் வேலையில. இப்பதான் கதைச்சனான்."

"நீ அவன்ர குரலைக் கேட்டனியோ?"

"கேட்டனான், சித்தப்பா."

"சரி" என்றார். ஆனால் வைக்கவில்லை.